பன்னிரண்டாவது அறை

குற்றாலத்தில் ஐந்தருவிக்குப் போகும் சாலையில் நடந்துகொண்டிருந்தேன். சாரல் விழுகிறதா, நின்றுவிட்டதா என்று சொல்ல முடியாத மாலை நேரம். முகத்தில் ஈரம் இருந்தது. வானத்திலிருந்து எதுவும் விழுவதாகத் தெரியவில்லை. பின்னால் பேரருவியின் இரைச்சல் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்துவந்து, ஒரு வளைவைத் தாண்டியதும் யாரோ கதவைச் சாத்தியதுபோல நின்றுபோனது. கையில் பாதி காலியான சீயக்காய்த் தூள் டப்பா ஒன்று. போட்டிருந்த சட்டையும் கால்சட்டையும் தவிர அன்று என்னிடம் இருந்தது அது மட்டும்தான். வயது பன்னிரண்டு.

அதற்குப் பிறகு எத்தனையோ ஊர்களை விட்டு இப்படி நடந்திருக்கிறேன். சில ஊர்களில் விரட்டினார்கள், சில ஊர்களில் வேலை தீர்ந்தது, சிலவற்றில் காரணம் என்று எதுவும் இல்லை. முதல் நடை அதுதான். ஒரு வீடியோ கேமால் வந்த நடை என்று சொன்னால் சிரிப்பார்கள். அதனால் யாரிடமும் சொன்னதில்லை.

அந்த வருடம் சீசன் தொடங்கும்போது பம்பாயிலிருந்து மாமா வந்திருந்தார். நான் கைக்குழந்தையாக இருக்கும்போதே செத்துப்போன என் அம்மாவின் தம்பி. பம்பாயில் ரேடியோவும் டிவியும் ரிப்பேர் செய்யும் கடை ஒன்றில் வேலை பார்த்தார். பழைய போர்வையில் சுற்றி, பிள்ளையைத் தூக்கிவருவதுபோல மடியிலேயே வைத்து ரயிலில் கொண்டுவந்திருந்தார் ஒரு பெட்டியை. டைப்ரைட்டரின் பட்டன்கள் இருக்கும் பாகத்தை மட்டும் தனியாக அறுத்து எடுத்ததுபோல இருக்கும். கம்ப்யூட்டர் என்றார். ஒரு பக்கம் டிவியையும் இன்னொரு பக்கம் டேப் ரிக்கார்டரையும் அதில் சொருகுவார். கேசட்டைப் போட்டால் பாட்டு வராது. தகரக் கூரையில் இரண்டு பூனைகள் சண்டை போடுவதுபோல ஒரு கீச்சல் ஐந்து நிமிடத்துக்குக் கேட்கும். கேட்பவர்கள் காதைப் பொத்திக்கொள்வார்கள். அந்தக் கீச்சல் ஓய்ந்ததும் டிவியில் ஒரு வீடு வரும். நீலச் சுவர், மஞ்சள் தரை. நடுவில், தொப்பி வைத்து, கக்கத்தில் குடையை இடுக்கிக்கொண்டு ஒரு குட்டி மனிதன் நிற்பான்.

பேரருவிக்குப் போகும் வழியில் நேந்திரங்காய் வறுவல் கடைக்குப் பக்கத்தில் மாமா ஒரு கொட்டகை போட்டார். டிவி தென்காசிக் கடை ஒன்றில் வாடகைக்கு எடுத்தது. உள்ளே கறுப்புத் துணி கட்டி இருட்டாக்கி, இரண்டு மர ஸ்டூல் போட்டு, வெளியே ‘வீடியோ கேம்’ என்று எழுதித் தொங்கவிட்டார். ஒரு ஆட்டம் ஐந்து நிமிடம். என் வேலை வாசலில். குற்றாலத்துக்கு வருகிறவர்கள் உடம்பெல்லாம் எண்ணெய் தேய்த்துக்கொண்டுதான் அருவிக்குப் போவார்கள். தண்ணீர் அதிகமாகி போலீஸ்காரர் விசில் ஊதிக் குளிக்கக் கூடாது என்று தடுத்துவிட்டால், தேய்த்த எண்ணெயோடு அப்படியே கடைகளில் ஒதுங்குவார்கள். எங்கள் கொட்டகைக்கு அதுதான் யோகம். ஆனால் அந்தக் குட்டி மனிதனை நடத்துகிற ஜாய்ஸ்டிக் குச்சியை எண்ணெய்க் கையோடு பிடித்தால் அது வழுக்கும். எண்ணெய் உள்ளே இறங்கினால் அப்புறம் வேலையே செய்யாது. அதனால் வாசலில் ஒரு டப்பா சீயக்காய்த் தூளும் சாக்குத் துண்டும் வைத்துக்கொண்டு, வருகிற ஒவ்வொருவர் கையையும் நான் தேய்த்துத் துடைத்துவிட்ட பிறகுதான் உள்ளே விடுவோம். ஊரில் பெரிய ஆட்களெல்லாம் சின்னப் பிள்ளைபோல என் முன்னால் கையை நீட்டிக்கொண்டு நின்றார்கள்.

அந்தக் குட்டி மனிதனுக்கு யாரோ கணக்கப்பிள்ளை என்று பெயர் வைத்தார்கள். குடையும் தொப்பியுமாக அப்படித்தான் இருந்தான். அவனை ஒவ்வொரு அறையாகக் கதவைத் திறந்து வெளியே கூட்டிக்கொண்டு போக வேண்டும். மொத்தம் பன்னிரண்டு அறை. சுடுவது, குத்துவது எதுவும் இல்லை. யோசிக்க வேண்டும். அந்த ஆட்டத்தைச் செய்தவன் எந்த நாட்டுக்காரனோ தெரியாது. மனிதர்களைப் பார்த்துச் சிரிக்கத் தெரிந்தவன், அவ்வளவுதான் சொல்ல முடியும். முதல் அறையில் பெட்டிகளை நகர்த்தி அடுக்கி ஏறினால் பரணில் இருக்கும் சாவி கிடைக்கும். ஆனால் ஒரு பெட்டியின் மேல் பூனை தூங்கும். அந்தப் பெட்டியைத் தொட்டால் பூனை இறங்கி, நாம் அடுத்து எந்தப் பெட்டியை நகர்த்தப் போகிறோமோ சரியாக அதன்மேல் போய்ப் படுத்துக்கொள்ளும். மூன்றாவது அறையில் கதவு பெரிதாகப் பளபளவென்று எதிரிலேயே இருக்கும். ஓடிப்போய் முட்டினால் கணக்கப்பிள்ளையின் மூக்கு அப்பளமாகிவிடும். அது கதவு இல்லை, சுவரில் வரைந்த படம். அவன் மூக்கை இழுத்துச் சரிசெய்து, தொப்பியைத் தட்டிப் போட்டுக்கொண்டு, ஆடுகிற நம்மைத் திரும்பி ஒரு பார்வை பார்ப்பான்.

“ஏலே, அது கதவு இல்லலே. சொவத்துல வரைஞ்சு வச்சிருக்கான்.”

“பின்ன என்ன எழவுக்கு வரைஞ்சான்?”

“ஒன்னய மாதிரி ஆளு முட்டுததுக்குத்தான்.”

கொட்டகைக்குள் எப்போதும் இப்படி ஒரு பேச்சு ஓடிக்கொண்டிருக்கும். ஐந்தாவது அறையில் ஒரு நாய் வழியை விடாது. எலும்பு கொடுத்தாலும் விடாது. அதற்கு வேண்டியது கணக்கப்பிள்ளையின் தொப்பி. கொடுத்துவிட்டால் வழி கிடைக்கும். ஆனால் அடுத்த இரண்டு அறைகளிலும் அவன் வெறுந்தலையைக் கையால் மூடிக்கொண்டு வெட்கத்தோடே நடப்பான். எட்டாவது அறையில் அவன் எதிர்பார்க்காத நேரத்தில் அந்த நாயே தொப்பியைக் கவ்விக்கொண்டு வந்து போடும். திருநெல்வேலியிலிருந்து வந்த ஒரு வக்கீல், அந்த நாயைப் பார்ப்பதற்காகவே மூன்று தடவை திரும்பி வந்தார்.

நான் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பில் இரண்டு வருடம் இருந்தேன். ஆறாவதில் மூன்று வாரம். மண்டை மந்தமில்லை என்று வாத்தியாரே சொல்லியிருக்கிறார். என்னால் உட்கார முடியாது. பெஞ்சில் உட்கார்ந்தால் காலுக்கடியில் யாரோ தீ மூட்டியதுபோல இருக்கும். அப்பா தென்காசியில் ஒரு அரிசி ஆலையில் வேலை பார்த்தார். அவர் திட்டவில்லை. ஒருநாள் கொட்டகைக்கு வந்து, மாமா கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டு, என்னைப் பார்க்காமல் அருவிப் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னார்.

“ஆவணி பொறந்தா ராயகிரிக்குப் போகட்டும். அண்ணன்ட்ட சொல்லிட்டேன்.”

ராயகிரியில் பெரியப்பாவுக்கு நிலம் இருந்தது, மாடு இருந்தது. அங்கே இரண்டு வேளை சாப்பாடு நிச்சயம், அடியும் நிச்சயம். என் வயதில் அங்கே போன உறவுக்கார அண்ணன் ஒருவன் அதற்குப் பிறகு ராயகிரியைத் தாண்டிப் போனதாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை. எனக்கு அடியைப் பற்றிக் கவலை இல்லை. ஒரே மாடுகளை, ஒரே வரப்பில், தினமும் மேய்க்க வேண்டும் என்பதுதான் பயமாக இருந்தது.

அப்பா போனபிறகு மாமாவிடம் கேட்டேன், என்னையும் பம்பாய்க்குக் கூட்டிக்கொண்டு போவீர்களா என்று. அவர் டிவியின் வோல்டேஜைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். திரும்பாமலே சிரித்தார்.

“பன்னெண்டாவது கதவத் தொறந்துட்டேன்னா கூட்டிட்டுப் போறேன்.”

“நெசமாவா?”

“இந்தா, அருவித் தண்ணி மேல சத்தியம். தொறந்து காட்டுலே பாப்போம்.”

அவரும் இரண்டு வருடமாகத் திறக்கப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்பதை அப்போது சொல்லவில்லை.

அதிலிருந்து கூட்டம் வருவதற்கு முன்னால், விடிந்தும் விடியாமலும் நான் கொட்டகையில் இருப்பேன். காலையில் மின்சாரம் நன்றாக இருக்கும். மலையிலிருந்து மேகம் இறங்கி வந்து கறுப்புத் துணியின் கிழிசல் வழியாக உள்ளே நுழையும். டிவி வெளிச்சம் அதில் பட்டு, கொட்டகை முழுக்க நீலமாகப் புகைந்துகொண்டிருக்கும். வெளியே அருவி, உள்ளே கணக்கப்பிள்ளை. சில நேரம் நான் அவனை நடத்துகிறேனா, அவன் என்னை நடத்துகிறானா என்று குழம்பிப்போகும். ஒன்பதாவது அறையில் விளக்கே கிடையாது. கறுப்புத் திரையில் அவன் இரண்டு கண் மட்டும் தெரியும். முட்டி முட்டித்தான் வழி கண்டுபிடிக்க வேண்டும். பத்தாவதில் மழை. குடையை விரித்து மின்விசிறிக்கு மேலே நின்றால் அவன் பஞ்சுபோல எழும்பி, மேலே மேலே போவான். அந்த அறையை முடித்த அன்று இரவு கனவில் நானும் குடை பிடித்துத் தென்காசிக் கோபுரத்துக்கு மேலே போனேன். கீழே அப்பா சின்னதாக, ஆலைத் தவிட்டை உதறிக்கொண்டு நின்றார்.

ஆடி முடிய இரண்டு வாரம் இருக்கும்போது பன்னிரண்டாவது அறைக்கு வந்து சேர்ந்தேன்.

அதில் ஒன்றுமே இல்லை. ஒரு நாற்காலி. சுவரில் ஒரு கடிகாரம். கைப்பிடி இல்லாத ஒரு கதவு. பெட்டி இல்லை, சாவி இல்லை, பூனை இல்லை. நாற்காலியைத் தள்ளினேன், ஏறினேன், குதித்தேன். குடையால் கதவைக் குத்தினேன். சுவரின் ஒவ்வொரு செங்கல்லையும் முட்டினேன். நான் சொன்னதையெல்லாம் கணக்கப்பிள்ளை செய்தான். செய்துவிட்டு ஒவ்வொரு முறையும் கடிகாரத்தை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தான். அது அவன் பழக்கம் என்று நினைத்தேன். இரண்டு வாரமும் போனது. அருவியில் தண்ணீர் நூலாகிக்கொண்டு வந்தது. மங்குஸ்தான் விற்கிறவர்கள் கூடையைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் பேசிக்கொண்டிருந்தார்கள். மாமா டிவியைக் கடைக்கு எப்போது திருப்பித் தருவது என்று கணக்குப் போட ஆரம்பித்தார்.

எங்களுக்குத் தெரிந்த எண்ணெய் அண்ணாச்சி ஒருவர் இருந்தார். காலையில் ஐந்தருவி, பத்து மணிக்கு மேல் பேரருவி என்று, குளிக்க வருகிறவர்களுக்கு எண்ணெய் தேய்த்துவிடுவது தொழில். உள்ளங்கை இரண்டும் அடைத்தட்டு மாதிரி அகலமாக இருக்கும். ஆள் கிடைக்காத நேரத்தில் கொட்டகை வாசலில் குந்தி, நான் ஆடுவதைப் பார்ப்பார். அவரை மட்டும் மாமா ஜாய்ஸ்டிக்கைத் தொட விட்டதே இல்லை. எண்ணெயிலேயே ஊறின கை, எவ்வளவு தேய்த்தாலும் போகாது. அன்று காலையில் நான் நாற்காலியைத் தள்ளி அலுத்துப்போய் உட்கார்ந்திருந்தபோது, அவர் உள்ளே வந்து என் தோளைத் தொட்டார்.

“தள்ளுலே தம்பி. அண்ணாச்சி ஒரு பிடி பிடிக்கேன்.”

கையை நீட்டிவிட்டார். மாமா மூலையிலிருந்து கத்தினார்.

“அண்ணாச்சி, கையி! கையி!”

“தொடலடே. தொடல. எதுக்குப் பதறுதே? பச்சப் புள்ளயவா கீழ போட்டேன்?”

“கழுவிட்டு வாங்க.”

“இந்தக் கையக் கழுவணும்னா பேரருவிய இங்கன திருப்பி விடணும்.”

எழுந்து வாசலுக்குப் போய் அவருக்குச் சீயக்காய்த் தூளைக் கொட்டினேன். அவர் தேய்த்தார், போதவில்லை. இன்னும் கொட்டினேன். முழங்கைவரை போட்டுத் தேய்த்தார். சாக்குத் துண்டு தொப்பலானது. அந்த நேரம் முழுக்க ஜாய்ஸ்டிக் யார் கையும் படாமல் ஸ்டூலின் மேல் கிடந்தது. தற்செயலாக உள்ளே திரும்பிப் பார்த்தேன். கணக்கப்பிள்ளை நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். அவன் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. ஒரு செருப்பைக் கழற்றி, கவிழ்த்து, கல்லைத் தட்டினான். கொட்டாவி விட்டான். தொப்பியை முகத்தில் இறக்கிவிட்டுக்கொண்டு தூங்கிப்போனான். சுவரில் கடிகார முள் பாதித் தூரம் ஏறியிருந்தது.

அதற்குள் அண்ணாச்சி கையை உதறிக்கொண்டு உள்ளே போய் ஜாய்ஸ்டிக்கைத் தொட்டார். கணக்கப்பிள்ளை திடுக்கிட்டு எழுந்தான். முள் சட்டென்று கீழே விழுந்து முதல் இடத்துக்குப் போனது.

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. இரண்டு தடவை நாற்காலியைத் தள்ளினார். “சீச்சீ, இது என்ன ஆட்டம். ஆளப் போட்டுப் பூட்டிட்டு” என்று எழுந்து போய்விட்டார். எனக்குத்தான் விளங்கியது, யாரும் தொடாமல் இருந்தால்தான் அந்த முள் ஏறும் என்று. ஐந்து நிமிடத்துக்குக் காசு கொடுத்துவிட்டு, பின்னால் பத்துப் பேர் முண்டிக்கொண்டு நிற்கும்போது, கையைக் கட்டிக்கொண்டு உட்காருகிறவன் எங்கள் பக்கம் உண்டா? இந்த இரண்டு மாதத்தில் கொட்டகைக்கு வந்த யாரும் ஜாய்ஸ்டிக்கை ஒரு மூச்சு நேரம் சும்மா விட்டதில்லை. நானும் விட்டதில்லை.

இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்தேன். வாழ்க்கையில் அதற்கு முன்னால் அப்படி நான் உட்கார்ந்ததில்லை. முள் எறும்பு போல ஏறியது. செருப்பு, கல், கொட்டாவி, தூக்கம். கால் தானாக ஆட ஆரம்பித்தது. ஒன்றை ஒன்றால் மிதித்துக்கொண்டேன். ஒரு முழு சினிமாப் பாட்டு ஓடி முடிகிற நேரம் இருக்கும். முள் உச்சிக்கு வந்தது. கைப்பிடி இல்லாத கதவு அந்தப் பக்கத்திலிருந்து திறந்தது. முதல் அறையில் எங்களைப் படுத்திய பூனை, வாலைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தது. நாற்காலியைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டு, கணக்கப்பிள்ளையின் காலை நக்கியது. அவன் கண்ணைத் திறந்து, திறந்த கதவைப் பார்த்து, நம்மைப் பார்த்து, தொப்பியைக் கழற்றி ஒரு கும்பிடு போட்டான். வெளியே போனான். அங்கே கடல் மாதிரி நீலமாக ஏதோ தெரிந்தது. பூனை அவன் நாற்காலியில் ஏறிப் படுத்துக்கொண்டது. அவ்வளவுதான்.

மாமா எனக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். எப்போது வந்தார் என்று தெரியாது.

“சும்மா இருந்தாப் போதுமாலே?” என்றார். “ரெண்டு வருசம்லே. ரெண்டு வருசமா நான் அந்த நாக்காலியத் தள்ளுதேன்.” சிரித்தார். ஸ்டூலில் உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். பிறகு அந்தச் சிரிப்பு நின்றது. நின்றதைப் பார்த்தேன், ஏன் நின்றது என்று யோசிக்கத் தோன்றவில்லை.

“அப்பொ பம்பாய்?” என்றேன்.

மாமா டிவியில் பூனை தூங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தார். “சொன்னா சொன்னதுதான்லே” என்றார்.

மறுநாள் மதியம் டிவிக் கடைக்காரரின் வேன் வந்தது. வாடகை டிவியை ஏற்றினார்கள். மாமா பெட்டியையும் போர்வையில் சுற்றி வேனில் வைத்தார்.

“பொட்டி எதுக்கு மாமா?”

“அது மட்டும் இங்கன தனியா இருந்து என்ன பண்ணும்?”

நானும் வருகிறேன் என்றேன். கொட்டகைக் கம்பு, தகரத்துக்கெல்லாம் ஆள் வருவான், நீ நின்று எடுத்துக் கொடு என்றார். டிக்கெட் எடுத்துக்கொண்டு நாலு மணிக்குள் வந்துவிடுவதாகவும், நாளைக்குச் சாயங்காலம் ரயில் என்றும் சொன்னார். வேனில் ஏறியவர் இறங்கி வந்து, ஸ்டூலை என் பக்கம் தள்ளி வைத்தார்.

“இங்கனயே இரு. எந்திரிச்சு எங்கயும் போயிராத. நான் வாற வரைக்கும் அசையக் கூடாது, என்ன?”

எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு வந்தது. இதுவும் அந்த அறைதான் என்று புரிந்துவிட்டது. கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

இரண்டு மணிக்குக் கம்புக்காரன் வந்து தகரத்தைப் பிரித்து எடுத்துக்கொண்டு போனான். கறுப்புத் துணி போனதும் கொட்டகை இருந்த இடம் ரொம்பச் சின்னதாக இருந்தது. நாலு மணி ஆனது. தென்காசி பஸ் வந்தது. அதில் மாமா இல்லை. எழுந்து சாலையை எட்டிப்பார்த்தேன். உடனே, முள் கீழே விழுந்துவிட்டது என்று நினைத்துத் திரும்பி வந்து முதலிலிருந்து உட்கார்ந்தேன். ஐந்து மணி பஸ்ஸிலும் இல்லை. மறுபடி எழுந்தேன், மறுபடி உட்கார்ந்தேன். சாரல் வந்தது. ஒரு குரங்கு என் எதிரில் உட்கார்ந்து, என்னைப் பார்த்து, என்னைவிட நேர்த்தியாக அசையாமல் இருந்தது. வறுவல் கடைக்காரர் விளக்கைப் போட்டுக்கொண்டே கேட்டார்.

“என்னலே, ஒங்க மாமன் டிவி, பொட்டி எல்லாத்தையும் ஏத்திட்டுப் போயிட்டானே. நீ மட்டும் எதுக்கு இருக்கே?”

“வாறேன்னு சொன்னாவ.”

“எத விட்டுட்டுப் போயிருக்கான், திரும்பி வாறதுக்கு?”

சுற்றிப் பார்த்தேன். ஒரு ஸ்டூல், சீயக்காய் டப்பா, நான். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. வறுவலும் ஒரு கை அள்ளிக் கொடுத்தார். அதைத் தின்று முடிக்கும்வரை இருந்தேன். அதற்குமேல் முடியவில்லை. தென்காசிக்குப் போனால் ராயகிரி. அதனால் எதிர்ப்பக்கம் திரும்பி ஐந்தருவிச் சாலையில் நடந்தேன்.

பதினோரு வருடம் கழித்து அச்சன்புதூரில் கட்டிக்கொடுத்திருந்த என் அக்கா வீட்டுக்குப் போனேன். இடையில் எங்கெங்கோ இருந்தேன். அதெல்லாம் வேறு கதை. அக்கா சோற்றைப் போட்டு, நான் தின்பதைப் பார்த்துக்கொண்டே பேசினாள். அன்று மாமா ஆறரை மணி பஸ்ஸில் வந்து இறங்கியிருக்கிறார். பம்பாயில் அவருக்கு வேலை போய் ஏழெட்டு மாதமாகியிருந்தது. அந்தப் பெட்டியை வைத்துத்தான் ஏதாவது செய்யலாம் என்று வந்தாராம். சீசனில் வந்த காசு கொட்டகைக்கும் டிவி வாடகைக்கும் சரியாகிவிட்டது.

“அந்தப் பொட்டிய வித்துத்தான்லே ஒனக்கு டிக்கெட்டு எடுத்தாவ. வாங்குதேன்னு சொன்னவரு மத்தியானம் சாப்ட்டுட்டுத் தூங்கப் போயிட்டாராம். எழுப்புனா வெல கொறச்சிருவாருன்னு, கதவு தொறக்குற வரைக்கும் அவரு கடை வாசல்ல ஒரு நாக்காலியப் போட்டு உக்காந்திருந்தாவளாம்.”

அந்த டிக்கெட்டை அக்கா வைத்திருந்தாள். தென்காசியிலிருந்து மெட்ராஸ் வரைக்கும்; பம்பாய் ரயில் அங்கிருந்துதான். பழுப்பு அட்டை, அரை டிக்கெட் என்பதற்காக ஒரு ஓரத்தை நறுக்கியிருந்தார்கள். எனக்குப் பன்னிரண்டு முடிந்திருந்தது, மாமாவுக்கும் தெரியும். “குனிஞ்சு நடந்தா கண்டுபிடிக்க முடியாதுன்னு சொன்னாவ” என்று அக்கா சிரித்தாள். மாமா இரண்டு நாள் தேடியிருக்கிறார். அப்பாவும் சேர்ந்து தேடியிருக்கிறார். தென்காசி பஸ் ஸ்டாண்டு, செங்கோட்டை ரயிலடி, புளியரை செக்போஸ்ட்டில் நிற்கும் லாரிகள் என்று ஓடுகிற இடமெல்லாம் தேடியிருக்கிறார்கள். ஒரு இடத்தில் உட்காராத பையன் வேறு எங்கே போயிருப்பான்? மூன்றாம் நாள் மாமா தனியாகப் போனார். ஒரு வருடம் கடிதம் வந்தது, அப்புறம் வரவில்லை.

சீயக்காய் டப்பாவோடு நடந்த அந்த முதல் நாள் இரவு நான் ஐந்தருவி மண்டபத்தில் படுத்திருந்தேன். விடியற்காலையில் யாரோ காலைத் தட்டினார்கள். எண்ணெய் அண்ணாச்சி. என் முகத்தைப் பார்த்து அல்ல, தலைமாட்டில் இருந்த டப்பாவைப் பார்த்துத்தான் அடையாளம் கண்டார்.

“ஏலே, நீ சீயக்காய் பயல்லா? இங்கன என்ன பண்ணுதே?”

சும்மா வந்தேன் என்றேன். அவர் மேற்கொண்டு கேட்கவில்லை. குளிக்க வருகிறவர்கள் துணியைக் கழற்றி எங்கே வைப்பது என்று தவிக்கிறார்கள், குரங்கு தூக்கிக்கொண்டு போய்விடுகிறது, பார்த்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும் என்றார். இரண்டு இட்லி வாங்கிக் கொடுத்து, அருவிக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு தட்டைப் பாறையைக் காட்டினார். அதற்குள் அங்கே நாலைந்து வேட்டி சட்டைகள், ஒரு கைக்கடிகாரம், ஒரு குழந்தையின் கவுன் எல்லாம் வந்து குவிந்துவிட்டன.

“இதுல ஏறி இரு. நான் வாற வரைக்கும் எந்திரிக்கப்பிடாது.”

ஐந்து கிளையாக விழுந்த தண்ணீரில் வெயில் ஏறி, புகைபோல எழும்பி என்மேல் வந்து படிந்தது. சில கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம் தென்காசியில் மாமா பஸ் பஸ்ஸாக ஏறி இறங்கிக்கொண்டிருந்த நேரம் அது. சாயங்காலம் எங்கள் ரயில் போகிறவரைக்கும் நான் ஒரு தடவைகூட எழுந்திருக்கவில்லை.